கும்புறுப்பிட்டில காணி பாத்திருக்கம், கிணத்துத் தண்ணிய எப்பிடி நம்புறது?

நிலம்தேடி:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கும்புறுப்பிட்டியில மெயின் ரோட்டுக்கு கடல் பக்கமா 20 பேர்ச் காணி ஒண்டு பாத்து வச்சிருக்கம். மணல் தரை, நாலஞ்சு தென்னை, ஒரு மூலையில கொங்கிறீற் வளையம் (கொட்டு) இறக்கின பழைய கொட்டுக் கிணறு. பக்கத்துக் காணியில வெங்காயத் தோட்டம், மற்றப் பக்கம் ரெண்டு வீடு. வீடு கட்டி அங்கயே இருக்கிறதுதான் பிளான். தரகர் ஒரு பேனை மாதிரி மீற்றர் ஒண்ட வாளித் தண்ணிக்குள்ள விட்டு 310 எண்டு காட்டி "இதவிட நல்ல தண்ணி திருகோணமலையிலயே கிடையாது" எண்டவர். குடிச்சும் பாத்தன், ருசி ஒண்டும் வித்தியாசமா இல்ல. ஆனா வீட்டில மூண்டு மாசப் பிள்ளை ஒண்டு இருக்கு, மனிசி விடுறா இல்ல, தண்ணி செக் பண்ணாம அட்வான்ஸ் குடுக்கவே கூடாது எண்டு நிக்கிறா. உண்மையா என்னத்த செக் பண்ணோணும், எங்க குடுக்கிறது, தெரிஞ்சவங்க சொல்லுங்கோ.

பழைய ஓவசியர்:
தம்பி, உங்கட மனிசி சொல்லுறது சரி. முதல்ல அந்த மீற்றரப் பற்றிச் சொல்லிடுறன். அது டிடிஎஸ் மீற்றர், தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு எல்லாத்தையும் மொத்தமா ஒரு நம்பராக் காட்டும், அவ்வளவுதான். 310 எண்டா இலங்கைத் தரத்தில இருக்கிற 500க்குள்ள நிக்குது, உப்புத் தண்ணி இல்ல எண்டு மட்டும் சொல்லலாம். அந்த 310க்குள்ள நைத்திரேற் எவ்வளவு, புளோரைட் எவ்வளவு எண்டு அதுக்குத் தெரியாது. கிருமி இருக்கா எண்டு சத்தியமாத் தெரியாது. மலகூடக் குழியில இருந்து ஊறி வாற தண்ணியும் 310 காட்டலாம்.

இன்னொண்டு, எந்த மாசம் பாத்தீங்க? இப்ப ஆகஸ்ட், நல்ல கோடை. உங்கட இடத்தில தண்ணி ஆகக் கீழ நிக்கிற நேரம் இதுதான், உப்புக் கூடுறதும் இந்த நேரம்தான். இப்பவே 310 எண்டா உப்புப் பக்கத்தால நல்ல செய்தி எண்டு வச்சுக்கொள்ளலாம். ஆனா கிருமி பாக்கிறதெண்டா மாரி துவங்கி முதல் ரெண்டு மூண்டு மழை விழுந்த பிறகு பாக்கோணும், தரையில கிடக்கிற ஊத்தை முழுக்க கிணத்துக்குள்ள இறங்குறது அப்பதான்.

வெங்காயத்தோட்டம்:
எங்கட அப்பு காலத்தில இருந்து இந்த நிலாவெளி கும்புறுப்பிட்டிப் பக்கத்துத் தண்ணியத்தான் குடிக்கிறம். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல. இந்த லாப் கதை எல்லாம் டவுன்காரர் கண்டுபிடிச்ச கதை. கிணத்துக்குள்ள ஒரு நெல்லி மரத் துண்டப் போட்டு விடுங்கோ, தண்ணி தேன் மாதிரி இருக்கும்.

ஆய்வுகூட அக்கா:
நெல்லிக் கட்டை போடுறத நான் பகிடி பண்ணமாட்டன், தண்ணி கொஞ்சம் தெளியும், சவர் ருசியும் குறைஞ்ச மாதிரி இருக்கும் எண்டு ஊர்ல நிறையப் பேர் சொல்லுவாங்க. ஆனா மூண்டு மாசப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் முதல்ல கேக்கிறது நைத்திரேற். பக்கத்தில வெங்காயம் எண்டு தம்பியே எழுதியிருக்கிறார். மணல் தரையில வெங்காயத்துக்கு யூரியா போட்டுப் போட்டு தண்ணி விட்டா, மிச்சம் முழுக்க நேர கீழதான் போகும், மணல் ஒண்டையும் பிடிச்சு வைக்காது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில நைத்திரேற் கூடினதுக்கும் பசளையும் மலகூடக் குழியும்தான் பெரிய காரணம் எண்டு எத்தினையோ வருசமாக் கதைக்கினம். அங்க சுண்ணாம்புக் கல், இங்க மணல், ரெண்டுமே தண்ணியக் கெதியா நேரா இறக்கிவிடுற தரை.

நைத்திரேற்றுக்கு மணமும் இல்ல ருசியும் இல்ல நிறமும் இல்ல. பெரியாக்கள் நாலஞ்சு வருசம் குடிச்சாலும் வெளிய ஒண்டும் தெரியாமப் போகலாம், அதனாலதான் ஐயா "ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல" எண்டு சொல்லுறார், அவர் பொய் சொல்லேல்ல. ஆனா ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு புட்டிப் பால் கரைக்க அந்தத் தண்ணிய எடுத்தா, ரத்தம் ஒட்சிசன் கொண்டு போற சக்தி குறைஞ்சு பிள்ளை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வச்சா சரி எண்டு நினைக்காதீங்கோ. கொதிக்க வச்சா கிருமி சாகும், நைத்திரேற் போகாது, தண்ணி வத்துறதால இன்னும் கூடத்தான் செய்யும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை எண்டா இந்தப் பயம் பெரும்பாலும் இல்ல.

ரிப்போட் கைக்கு வந்தா ஒரு விசயம் வடிவாப் பாருங்கோ. நைத்திரேற்றா எழுதியிருந்தா லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. சில லாப்ல நைதரசனாக் கணக்குப் போட்டு எழுதுவாங்க, அப்ப எல்லை 11 சொச்சம். 20 எண்டு இருக்கிறதப் பாத்திட்டு "50க்குள்ளதானே" எண்டு சந்தோசப்பட்ட ஆக்கள் இருக்கினம், அது நைதரசன் கணக்கில 20, அதாவது நைத்திரேற்றா கிட்டத்தட்ட 90.

நிலம்தேடி:
அக்கா இத ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, மெத்தப் பெரிய உபகாரம். பிள்ளைக்கு இப்ப புட்டிப்பாலும் குடுக்கிறம். அப்ப லாப்புக்கு எப்பிடிக் கேக்கிறது, "எல்லாத்தையும் பாருங்க" எண்டு சொன்னாப் போதுமா? சாதாரண தண்ணிப் போத்தல்ல கொண்டு போகலாமா?

ஆய்வுகூட அக்கா:
"எல்லாத்தையும்" எண்டு கேட்டீங்க எண்டா காசுதான் போகும். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைட ஆய்வுகூடத்தில காசு கட்டி வெளியாக்களும் தண்ணி குடுத்துப் பாக்கலாம், முதல்ல திருகோணமலை ஒபிசுக்கு கோல் எடுத்து எந்த நாள் சாம்பிள் எடுப்பாங்க எண்டு கேளுங்கோ, வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டு போய்க் குடுத்தா கிருமிப் பரிசோதனை செய்யமாட்டாங்க. உங்கட பகுதி பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாரையும் கேட்டுப் பாருங்கோ, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசால கிருமிக்கு சாம்பிள் அனுப்புறதுண்டு.

கேக்க வேண்டியது: பிஎச், மின்கடத்துதிறன், கலங்கல், குளோரைட், வன்மை, காரத்தன்மை, நைத்திரேற், நைத்திரைற், புளோரைட், இரும்பு, மங்கனீஸ், சல்பேற். அதோட கிருமிக்கு கோலிபோம், ஈகோலை. ஈகோலை எண்டுறது மலத்தில இருந்து வாற கிருமி, 100 மில்லிலீற்றர்ல ஒண்டு கூட இருக்கக்கூடாது, அதுக்கு பேரம் இல்ல. ஆசனிக், கட்மியம், பூச்சிமருந்து மாதிரிச் சாமான் எல்லாம் வேற, அதுக்கு கொழும்பில கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி இடத்துக்குத்தான் அனுப்போணும், செலவு கூட. பக்கத்தில வெங்காயம் எண்டபடியா பூச்சிமருந்தப் பாக்க ஆசை வரும், ஆனா என்ன மருந்து அடிச்சது எண்டு தெரியாம "பூச்சிமருந்து பாருங்க" எண்டு கேக்கிறதில பிரயோசனம் குறைவு, தோட்டக்காரரிட்ட முதல்ல மருந்துட பேர விசாரிச்சு எடுங்கோ.

போத்தல் ரெண்டு வேணும். இரசாயனத்துக்கு சுத்தமான பிளாஸ்ரிக் போத்தல் காணும், சோடாப் போத்தல் வேண்டாம், அதே கிணத்துத் தண்ணியால மூண்டு தரம் அலசிட்டு நிரப்புங்கோ. கிருமிக்கு லாப்ல தாற கிருமி நீக்கின போத்தல் மட்டும்தான், அத அலசக்கூடாது, மூடிட உள்பக்கத்தில விரல் படக்கூடாது, கழுத்து வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் இடம் விடுங்கோ. வாளியில அள்ளி ஊத்தினா வாளிட கிருமியத்தான் பாப்பீங்க. போத்தல்ல சுத்தமான கயிறும் பாரமும் கட்டி, கிணத்துச் சுவர்ல முட்டாம இறக்கி எடுக்கிறதுதான் முறை. எடுத்த உடன ஐஸ் போட்ட பெட்டிக்குள்ள வச்சு ஆறு மணித்தியாலத்துக்குள்ள லாப்புக்குப் போயிரோணும், கும்புறுப்பிட்டியில இருந்து டவுனுக்கு அது பெரிய கஸ்டம் இல்ல.

இன்னொண்டு சொல்லோணும், இது கொஞ்சம் கெட்ட கதை. காணி விக்கிற ஆக்கள் சிலபேர் சாம்பிள் எடுக்கிறதுக்கு முதல் நாள் குளோரின் தூளக் கொட்டி விடுவாங்க. கிணத்தடியில நீச்சல் குள மணம் வந்தா அண்டைக்கு எடுக்காதீங்கோ. சொல்லாமப் போய் எடுக்கிறதுதான் நல்லம்.

கிண்ணியாக்காரன்:
தம்பி நான் கிண்ணியா. எங்கட பக்கம் ஒரு ஆள் இப்பிடித்தான் நல்ல தண்ணி எண்டு நம்பி காணி எடுத்து, மேல இருக்கிற தண்ணி காணாது எண்டு நினைச்சு குழாய்க் கிணறு அடிச்சாரு, ஆழமாப் போனா இன்னும் நல்ல தண்ணி வரும் எண்டு கணக்கு. வந்தது உப்பு. கடலுக்குக் கிட்ட எண்டா ஆழமாப் போகப் போக உப்புத்தான் வரும், இத வீடு கட்டுற எல்லாரும் தெரிஞ்சிருக்கணும். அந்த 310 மேல் தண்ணிட நம்பர். மோட்டர் போட்டு மணிக்கணக்கா இறைச்சா அதே கிணத்தில என்ன வரும் எண்டத மீற்றர் சொல்லாது.

பழைய ஓவசியர்:
கிண்ணியாத் தம்பி சொன்னதுதான் இந்த முழுக் கதையிலயும் முக்கியம், கொஞ்சம் விளக்கிச் சொல்லுறன். கரையோர மணல்ல நல்ல தண்ணி எண்டுறது மழைத் தண்ணிதான், கீழ இருக்கிற கடல் தண்ணிக்கு மேல, தேங்காய்ப்பாலுக்கு மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதந்துகொண்டு இருக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா, கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. அத மறுபக்கமாப் பாருங்கோ. தொடர்ந்து இறைச்சு மேல் மட்டத்த ஒரு அடி இறக்கிவிட்டா, காலப்போக்கில கீழ இருக்கிற உப்பு 40 அடி ஏறும். ஒரு நாள்ல ஏறாது, ஆனா ஏறினா இறங்க வருசக்கணக்காகும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க இது நடந்தது. கிணறுகளுக்குள்ள கடல் தண்ணி போயிட்டு எண்டு எல்லாரும் மோட்டரக் கொண்டு வந்து இறைச்சாங்க, இறைக்க இறைக்க சில இடத்தில உப்பு இன்னும் ஏறினது. பிறகுதான் ஒருக்கா இறைச்சு சேத்த எடுத்துட்டு விடுங்கோ, திரும்பத் திரும்ப இறைக்காதீங்கோ எண்டு சொன்னாங்க. மாரி மழைதான் கடைசியில கழுவித் தந்தது.

அதனால தம்பி, பரிசோதனைக்கு சும்மா நிக்கிற தண்ணிய எடுக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிட்ட ஒரு சின்ன மோட்டர் வாங்கி, நீங்க குடியிருந்தா எவ்வளவு எடுப்பீங்களோ அந்தளவு இறைச்சுப் பாருங்கோ. இறைக்கத் துவங்கேக்க மீற்றர் நம்பர் என்ன, ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில என்ன, திரும்ப ஊறி எழும்ப எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு எழுதி வையுங்கோ. தரகர்ட மீற்றருக்கு உண்மையான வேலை இதுதான். 310 துவங்கி 330ல நிண்டா நல்லம். 310 துவங்கி 600, 700 எண்டு ஏறிக்கொண்டே போனா அந்தக் கிணறு ரெண்டு பேருக்கு வாளியால அள்ளத்தான் காணும், ஒரு குடும்பத்துக்கும் மேல் தாங்கிக்கும் காணாது.

பன்குளம் வாசி:
இடையில பூருறதுக்கு மன்னிக்கோணும். இங்க எல்லாரும் கடற்கரைக் கணக்குத்தான் சொல்லுறீங்க, பன்குளம், மொரவெவ, கோமரங்கடவல எண்டு உள்ளுக்குப் போனா கதை வேற. எங்கட பக்கம் கல்லுத் தரை, உப்புப் பயம் இல்ல, ஆனா வன்மையும் புளோரைட்டும் இருக்கும். கேத்தில் உள்பக்கம் வெள்ளையா ஓடு பிடிக்குதா, பருப்பு எவ்வளவு அவிச்சாலும் மசியாம கிடக்குதா, சவுக்காரம் நுரைக்காம தயிர் மாதிரித் திரளுதா, அப்ப வன்மையான தண்ணி. புளோரைட்ட அறிய லாப் போறதுக்கு முதல் ஒரு வழி இருக்கு, அந்த ஊர்ல பிறந்து வளந்த பள்ளிக்கூடப் பிள்ளையள்ட முன் பல்லப் பாருங்கோ. சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு, பிறகு மண்ணிறக் கறை, தேய்ச்சாலும் போகாது. இலங்கைத் தரம் புளோரைட்டுக்கு 1 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்லுற 1.5அ விடக் குறைவு, எங்கட வெயில்ல நாங்க கூடத் தண்ணி குடிக்கிறம் எண்டதும் அதுக்கு ஒரு காரணம்.

எங்கட மாவட்டத்தில பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் இருக்கு எண்டது எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் காரணம் தண்ணிதான் எண்டு இன்னும் முடிவா நிறுவப்படேல்ல, ஆனா அந்த இடங்களில இப்ப ஆர்ஓ பிளாண்ட் (தண்ணிய மெல்லிய சவ்வால வடிக்கிற மெசின்) போட்டுத்தான் குடிக்கிறாங்க. உள்ளுக்கு மலிவாக் காணி கிடைக்குது எண்டு ஓடி வாற ஆக்கள் இதையும் கேட்டுட்டு வாங்கோ.

ஸ்காபரோ மாமி:
பிள்ளையள் ஏன் இவ்வளவு மண்டைய உடைக்கிறீங்கள்? வீடு கட்டுற காசோட ஒரு ஆர்ஓ மெசின் வாங்கிப் பூட்டினா எல்லாம் போயிடும்தானே. என்ர தம்பி உப்புவெளியில வச்சிருக்கிறான், தண்ணி கண்ணாடி மாதிரி.

ஆய்வுகூட அக்கா:
மாமி, ஆர்ஓ நைத்திரேற்றையும் புளோரைட்டையும் உப்பையும் குறைக்கும், அது சரிதான். ஆனா உள்ள போற தண்ணியில ஒரு பங்கத்தான் நல்ல தண்ணியாத் தரும், மிச்சத்த கழிவா வெளிய விடும், அந்தக் கழிவு எல்லாம் இன்னும் செறிவா திரும்ப அதே மணலுக்குள்ள இறங்கும். சவ்வும் வடியும் நேரத்துக்கு மாத்தோணும், கரண்ட் வேணும். இரும்பு கூட இருக்கிற தண்ணி எண்டா அந்தச் சவ்வு கெதியில அடைபடும். தேவையான இடத்தில பூட்டலாம், ஆனா தண்ணியில என்ன இருக்கு எண்டு பாக்காம மெசின் வாங்கினா எந்த மெசின் எண்டே தெரியாது. கிருமி மட்டும்தான் பிரச்சினை எண்டா கொதிக்க வச்சாலே காணும், எதுக்கு அவ்வளவு காசு.

இரும்பப் பற்றி மாமி ஞாபகப்படுத்திவிட்டா. அள்ளேக்க தெளிவா இருந்து, வாளியில ஒரு இரவு வச்சா மஞ்சளாகி அடியில செம்மண் மாதிரி படியுதா பாருங்கோ. இல்லாட்டி பிளேன்ரீ ஊத்தி வச்சு அதுக்குள்ள அந்தத் தண்ணிய விடுங்கோ, கறுத்துப் போனா இரும்பு இருக்கு. இது உடம்புக்குப் பெரிய ஆபத்தில்ல, வெள்ளை உடுப்புக்கும் டொய்லெட் கொமடுக்கும்தான் ஆபத்து.

வெங்காயத்தோட்டம்:
அக்கா நல்லாச் சொல்லுறா, ஆனா பழி முழுக்க வெங்காயத்தில போடுறது நியாயம் இல்ல. அந்தக் காணிக்கு மற்றப் பக்கம் ரெண்டு வீடு எண்டு தம்பி எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக் குழியள் எங்க இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. நாங்க பசளை போடுறது வருசத்தில ரெண்டு போகம், குழி வருசம் முழுக்க ஓடுது.

பழைய ஓவசியர்:
ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி எண்டு பொதுவாச் சொல்லுவாங்க. அது இறுகின மண்ணுக்குக் காணும், மணலுக்கு நான் எப்பவும் 100 அடி எண்டுதான் சொல்லுறது. இப்ப ஒரு கணக்குப் பாருங்கோ. கிணத்த நடுவில வச்சு 50 அடிக்கு ஒரு வட்டம் போட்டா 7850 சதுர அடி, அது கிட்டத்தட்ட 29 பேர்ச். உங்கட முழுக் காணியே 20 பேர்ச். அப்ப உங்கட குழிய எங்க வச்சாலும், கிணத்துட 50 அடி பக்கத்துக் காணிக்குள்ளதான் போய் முடியும். அங்க என்ன இருக்கு எண்டு பாக்கிறது உங்கட வேலை. இந்தக் காலத்தில பத்துப் பேர்ச் பத்துப் பேர்ச்சாத் துண்டு போட்டு விக்கிறாங்க, எல்லாத் துண்டிலயும் ஒரு கிணறு ஒரு குழி, அந்த ஸ்கீமில கிணறு எண்டுறது பக்கத்து வீட்டுக்காரர்ட குழிட மேல் பாகம்தான். கொஞ்சம் கடுமையாச் சொல்லுறன், ஆனா எத்தினை பேர்ட பிளான் பாத்து வெறுத்துப் போய்ச் சொல்லுறன்.

அதனால வீட்டுப் பிளான் கீறுறதுக்கு முதல் ஒரு கடதாசியில காணியக் கீறி, பழைய கிணறு, ரெண்டு வீட்டுக் குழியள், அவங்கட கிணறு, வெங்காயத் தோட்டம், ஆடு மாடு கட்டுற இடம் எல்லாத்தையும் அளந்து போடுங்கோ. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாருங்கோ, உங்கட பக்கம் பெரும்பாலும் கடலப் பாத்துத்தான். கிணறு மேல் பக்கம், குழி கடல் பக்கம். நிறையப் பேர் முன்வாசலுக்கு வடிவா கிணத்த வச்சிட்டு, வாஸ்துவும் பாத்திட்டு, மிஞ்சின மூலையில குழியத் தோண்டுவாங்க. குழிட அடி மாரித் தண்ணி மட்டத்துக்கு மேல அஞ்சாறு அடியாவது இருக்கோணும். மாரி மட்டம் என்ன எண்டு ஆகஸ்டில எப்பிடித் தெரியும் எண்டு கேப்பீங்க, கிணத்துக்குள்ள ரோச் அடிச்சு கொட்டுகளப் பாருங்கோ, பாசிக் கோடு எந்தக் கொட்டில நிக்குதோ அதுதான். மேல் கொட்டிலயே கோடு இருந்தா குழிய நிலத்துக்கு மேல உயத்தித்தான் கட்டோணும்.

கட்டிட வேலைக்கும் இதே தண்ணியத்தானே எடுப்பீங்க? குளோரைட் கூடின தண்ணியில கொங்கிறீற் குழைச்சா உள்ளுக்க கம்பி கறள் பிடிக்கும், பூசின சுவர்ல உப்புப் பூக்கும். ரிப்போட்டில குளோரைட் 250க்கு மேல எண்டா பில்லர் பீம் வேலைக்கு பவுசர்ல நல்ல தண்ணி எடுங்கோ, மேசன் பாஸ் "ஒண்டும் ஆகாது சேர்" எண்டு சொல்லுவார், கேக்காதீங்கோ.

நிலம்தேடி:
ஓவசியர் ஐயா, இண்டைக்குப் போய் அளந்தன். ஒரு வீட்டுக் குழி எங்கட கிணத்தில இருந்து 38 அடிதான். மற்ற வீட்டுக்காரர் பரவாயில்ல, தூரம். பழைய கிணத்துக்கு கட்டும் உயரம் இல்ல, சுத்திவரத் தளமும் இல்ல, குளிக்கிற தண்ணி அப்பிடியே திரும்ப உள்ளுக்குத்தான் போகுது. பாசிக் கோடு மேல இருந்து ரெண்டாவது கொட்டில. நேற்று இருந்த சந்தோசம் பாதி போயிட்டு. காணிய விடுறதா?

பழைய ஓவசியர்:
ஏன் விடுறது? அந்தக் கிணத்த விடுங்கோ, காணிய விடாதீங்கோ. 38 அடிக் குழிக்கு மறு மூலையில புதுக் கிணறு வெட்டினா தூரம் எவ்வளவு வரும் எண்டு அளந்து பாருங்கோ. மேல் பத்தடி கொட்டுகள்ட பொருத்து எல்லாம் சீமெந்தால அடைச்சு, வெளிப் பக்கம் களி இறுக்கி, மூண்டடி கட்டு, சுத்திவர நாலடித் தளம், தண்ணி ஓட வாய்க்கால், மேல மூடி. பழைய கிணத்துத் தண்ணி செடிக்கும் கழுவுறதுக்கும் ஆகும். ஆனா புதுக் கிணத்துக்கும் அதே மணல், அதே வெங்காயம், நைத்திரேற் இருந்தா அங்கயும் இருக்கும். கிருமியத்தான் கிணத்துக் கட்டும் தூரமும் குறைக்கும். அதால ரிப்போட் வரட்டும்.

உறுதி எழுதுறவர்:
நான் நொத்தாரிசு ஒபிசில வேலை. தண்ணியப் பற்றிக் கதைக்க எனக்குத் தெரியாது, ஆனா அட்வான்ஸ் குடுக்கேக்க உடன்படிக்கையில ரெண்டு வரி எழுதிக்கொள்ளலாம். அரச அங்கீகாரம் உள்ள ஆய்வுகூட ரிப்போட்டில இன்ன இன்ன எல்லைக்கு மேல வந்தா அட்வான்ஸ் திரும்பத் தரோணும், அல்லாட்டி விலையில இவ்வளவு குறைக்கோணும் எண்டு நம்பரோட எழுதுங்கோ, "தண்ணி நல்லா இல்லாட்டி" எண்டு எழுதினா அதுக்குப் பெறுமதி இல்ல. நவம்பர் டிசம்பர்ல இரண்டாவது சாம்பிள் எடுக்கிற மட்டும் மிச்சக் காசு குடுக்காம இழுக்கலாமா எண்டு விக்கிறவரக் கேளுங்கோ, சில பேர் ஒத்துக்கொள்ளுவாங்க. உறுதியில அந்தக் கிணறு உங்களுக்கு முழுசா, இல்லாட்டி பக்கத்துக் காணிக்கும் பங்கு இருக்கா எண்டு பாருங்கோ, பங்குக் கிணறு எண்டா மூடவோ மாத்தவோ தனிய முடிவெடுக்க ஏலாது. கடலுக்குக் கிட்ட எண்டபடியா 300 மீற்றருக்குள்ள வருதா எண்டும் பாருங்கோ, வந்தா பிரதேச சபை மட்டும் காணாது, கரையோரம் பேணல் திணைக்களத்திலயும் அனுமதி எடுக்கோணும்.

கிண்ணியாக்காரன்:
பைப் லைன் வரப்போகுது எண்டு தரகர் சொல்லியிருப்பாரே? நீர்வழங்கல் சபைட ஒபிசில போய் உங்கட ரோட்டுக்கு லைன் இரிக்கா, இல்லாட்டி எப்ப எண்டு கேட்டு எடுங்க. டவுனுக்கு கந்தளாய்க் குளத்துத் தண்ணி வருது, அந்த லைன் உங்கட வாசல் வரைக்கும் வந்தா இந்தக் கதையில பாதி முடிஞ்சிரும். வராட்டி தரகர்ட "வரப்போகுது" வ நம்பி ஒரு ரூபா கூடக் குடுக்காதீங்க.

நிலம்தேடி:
ஓம் நானா, அப்பிடித்தான் சொன்னவர், "அடுத்த வருசம்" எண்டு.

பன்குளம் வாசி:
எங்களுக்கும் அடுத்த வருசம்தான். எப்பவும்.

நிலம்தேடி:
ரிப்போட் வந்திட்டு. ரெண்டு மணித்தியாலம் இறைச்சுப் பாத்ததில மீற்றர் 310 துவங்கி 345ல நிண்டது, உப்புப் பக்கத்தால பிரச்சினை இல்ல. குளோரைட் 84, வன்மை 150, புளோரைட் 0.3, இரும்பு கொஞ்சம். நைத்திரேற் 61, நைத்திரேற்றாத்தான் எழுதியிருக்கு அக்கா, ரெண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினன். ஈகோலை இருக்கு. மனிசி ரிப்போட்டப் பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்ல, என்ர முகத்தப் பாத்து ஒரு பார்வை மட்டும்.

ஆய்வுகூட அக்கா:
மனிசிக்கு ஒரு சபாஸ் சொல்லிவிடுங்கோ. ஈகோலை அந்த 38 அடிக் குழி, கட்டில்லாத கிணறு, அத ஐயா சொன்ன மாதிரி புதுக் கிணறு தீர்க்கும், வெட்டி முடிய குளோரின் போட்டு, இறைச்சு, மணம் போன பிறகு திரும்பப் பாக்கோணும். குளோரின் அளவுக்கு கிணத்துத் தண்ணிய அளந்துகொண்டு பிஎச்ஐயிட்டக் கேளுங்கோ, அஞ்சடி அகலக் கிணத்தில ஆறரை அடி தண்ணி நிண்டா சுமார் 3,600 லீற்றர்.

61 தான் யோசிக்க வேண்டியது. பிள்ளைக்கு அந்தத் தண்ணி ஒரு துளியும் வேண்டாம். பெரியாக்கள் குளிக்க, கழுவ ஒண்டும் பிரச்சினை இல்ல. மழைக்குப் பிறகு இன்னும் ஏறவும் கூடும், அதனால டிசம்பர்ல இன்னொருக்காப் பாருங்கோ.

பழைய ஓவசியர்:
குடிக்க சமைக்க மட்டும் மழைத் தண்ணி பிடியுங்கோ தம்பி. திருகோணமலைக்கு வருசத்துக்கு சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை, பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில. ஆயிரம் சதுர அடிக் கூரை எண்டா வீணாப் போறது போக ஒரு லட்சம் லீற்றருக்கு மேல வரும். நாலு பேருக்கு குடிக்க சமைக்க ஒரு நாளைக்கு 20 லீற்றர் எண்டு வையுங்கோ, 5,000 லீற்றர் தாங்கி ஒண்டு நிரம்பினா 250 நாள். வீடு இன்னும் கட்டாததுதான் வசதி, பீலியும் தாங்கிக்கு இடமும் பிளான்லயே போடலாம். முதல் மழைய வெளிய விடுற ஒரு பைப், தாங்கிக்கு இறுக்கமான மூடி, வாய்க்கு நுளம்பு வலை. அஸ்பெஸ்டஸ் போடாம ஓடு இல்லாட்டி சிங்க் தகரம் போடுங்கோ.

வெங்காயத்தோட்டம்:
61 எண்டா எங்கட கிணறும் அப்பிடித்தான் இருக்கும். என்ர மகள்ட பிள்ளைக்கு நாலு மாசம். அக்கா, அந்தக் கிருமிப் போத்தல் எந்த ஒபிசில எடுக்கிறது, எந்த நாள் குடுப்பாங்க?

ஆய்வுகூட அக்கா:
ஐயா, கிருமிப் போத்தலுக்கு முதல் நைத்திரேற்றப் பாருங்கோ, அதுக்கு சாதாரண சுத்தமான ஒரு லீற்றர் போத்தல் போதும். திங்கக்கிழமை காலமை சபை ஒபிசுக்கு கோல் எடுத்திட்டுக் கொண்டு போங்கோ. ரிப்போட் வாற மட்டும் பிள்ளைக்கு பால் கரைக்கிற தண்ணிய கடைப் போத்தல்ல எடுங்கோ, அதையும் கொதிக்க வச்சு ஆறவிட்டு.

நிலம்தேடி:
ஐயா நானும் திங்கக்கிழமைதான் டவுனுக்குப் போறன், பக்கத்து வீட்டுக் கிணத்துத் தண்ணியும் ஒப்பிட்டுப் பாக்கக் கொண்டு போறன். நீங்க போத்தல எடுத்து வையுங்கோ, ஏழரைக்கு உங்கட கேற்றடியில நிக்கிறன்.